மிலுங்காவின் கோழிகள்

அத்தியாயம் 9

"ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்புது மாமா. அத்தையைக் கழுத்துல அறுக்கக் கொண்டுபோறாங்க. அவங்க இதயம் தாங்குமான்னு தெரியலைன்னு டாக்டரம்மாவே சொல்றாங்க. தெரியாமலா அறுப்பாங்க?"

டயாலிசிஸ் அறை வாசலில் நின்று கோர்தானா கத்தினாள். உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை. எழுந்து வெளியே போக ஒப்ராத்தால் முடியாது. கையில் இரண்டு ஊசி, இரண்டு குழாய். அவருடைய ரத்தம் இயந்திரத்துக்குள் ஊர்வலம் போய்த் திரும்ப இன்னும் பதினாலு நிமிஷம் பாக்கி இருந்தது.

சுவரில் மணி பத்து.

முந்தின அத்தியாயங்களைத் தவறவிட்ட கண்ணுகளுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

ஒப்ராத் ஒரு காலத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர். பெல்கிரேடுக்குப் பக்கத்தில் கோலுபாரா ஆற்றங்கரையில் பிறந்தவர். எங்கள் ஆற்றங்கரையில் ஒரு நோய் உண்டு. சத்தம் போடாமல் வீடு புகுந்து, ஐம்பது வயதுக்கு மேல் கிட்னியைத் தின்னும். பெண் கேட்டு வருகிறவர்கள் நிலம் எத்தனை ஏக்கர் என்று கேட்பதற்கு முன்னால் அப்பாவுக்குக் கிட்னி எப்படி என்றுதான் கேட்பார்கள். ஒப்ராத்தின் கிட்னி போயிற்று, வேலை போயிற்று, மூக்கு மட்டும் போகவில்லை. திங்கள், புதன், வெள்ளி இயந்திர நாற்காலி. மிச்ச நாளில் துப்பு. அவருக்கு உதவியாள் ஸ்ரேதன், நோயாளிகளை ஏற்றி இறக்கும் ஆஸ்பத்திரி வேனின் டிரைவர். வேனுக்கு பிரேக் உண்டு, அவன் வாய்க்குக் கிடையாது.

பக்கத்து நாற்காலி மிலுங்காவுடையது. ஆறு வருஷமாக. இன்று அது காலி.

இந்தத் தவக்காலம் தொடங்கியதிலிருந்து மிலுங்காவின் ரத்தத்தில் கால்சியம் ஏறிக்கொண்டே போகிறது. ஏறினால் புத்தி குழம்பும், வயிறு கட்டும், கடைசியில் இதயம் தாளம் தப்பி நிற்கும். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், இறங்கியது. இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஏறியது. "வீட்டுச் சாப்பாட்டுலதான் என்னமோ இருக்கு" என்றான் மகன் விதோமிர். வீட்டில் சமைப்பது அவன் மனைவி கோர்தானா. அன்றிலிருந்து அவன் அவளோடு பேசுவதில்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிறான், வருகிறான், சுவரைப் பார்த்துப் படுக்கிறான்.

திங்கட்கிழமை மூன்றாவது தடவை. இந்த முறை கோர்தானாவை வார்டுப் பக்கமே விடவில்லை. அவள் கைப்பட்ட ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. ஆனாலும் இன்று காலை பார்த்தால் கால்சியம் மறுபடி மேலே!

இதுதான் நிலைமை. இனி அந்த பதினாலு நிமிஷம்.

நர்ஸ் யெலா வந்து இயந்திரத்தை நிறுத்தினாள். ஊசியை உருவிக்கொண்டே கேட்டாள்:

"காலையில ரொட்டியோட சாக்பீஸ் மென்னீங்களா?"

"மென்னேன்."

பொய். சாக்பீஸ் என்றால் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் இல்லை. சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸ் ரத்தத்தில் ஏறாமல் இருக்க, சாப்பிடும்போதே மெல்ல வேண்டிய வெள்ளை மாத்திரை. ருசி அப்படி, அதனால் பேரும் அப்படி. அந்த அறையில் அதை ஒழுங்காக மென்றவர் ஒருவரும் இல்லை. ஒப்ராத்தின் பங்கு சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து இருந்தது. எல்லாருடைய மிச்சமும் போவது மிலுங்காவின் கோழிகளுக்கு. "வீணாப் போடாதீங்கப்பா, கோழித் தீவனத்துல இடிச்சுப் போட்டா முட்டை ஓடு கெட்டியா வரும்" என்று அவள் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே ஒப்ராத் எழுந்தார். கால் தள்ளாடியது. நாலு மணி நேரம் பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி இருந்தார்.

"உட்காருங்க அண்ணே" என்றான் ஸ்ரேதன். "விழுந்தா தூக்கற வேலை எனக்குத்தான். சம்பளத்துல அது சேர்த்தி இல்ல."

"நட. முதல்ல டாக்டரம்மா."

டாக்டர் எமிலியா வராந்தாவிலேயே மாட்டினாள். மூன்று நாள் தூங்காத கண்.

"ஒப்ராத் சார், நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். முதல் தடவை சேர்த்தப்பவே கால்சியம் தர்ற எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டேன். உங்க சாக்பீஸும் கால்சியம்தானே, அதையும் நிறுத்தி நாலு வாரம் ஆச்சு. கிணத்துத் தண்ணியைச் சோதிச்சாச்சு. மருமகளை உள்ள விடலை. வெளியிலேர்ந்து வரலைன்னா உள்ளேர்ந்துதான் வருது."

"உள்ளேர்ந்துன்னா?"

அவள் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்க நாலு பாராதைராய்டு சுரப்பி இருக்கு. ஒவ்வொண்ணும் பயறு அளவு. கிட்னி போனவங்களுக்கு இதுங்க சில சமயம் வெறி புடிச்சு, எலும்பைச் சுரண்டி ரத்தத்துல கொட்டும். வெட்டி எடுத்தாதான் அடங்கும். போன அக்டோபர்ல இவங்களுக்கு அந்த ஹார்மோன் தொள்ளாயிரம்."

"அக்டோபர்ல. இப்போ?"

"திங்கக்கிழமை பெல்கிரேடுக்கு அனுப்பியிருக்கேன். வெள்ளிக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் அவங்க இருப்பாங்களான்னு எனக்குத் தெரியலை." கையிலிருந்த ரத்தச் சோதனைக் காகிதத்தைச் சுருட்டினாள். "அறுத்தா மேஜையிலேயே போகலாம். அறுக்காட்டி கட்டில்லயே போவாங்க. நான் மேஜையைத் தேர்ந்தெடுத்திருக்கேன்."

"அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

ஒப்ராத் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கால்சியம் 3.4. அதற்குக் கீழே பாஸ்பரஸ் 0.7.

"இது ரொம்பக் குறைவாச்சே?"

"அது ஒண்ணுதான் நல்ல சேதி. உங்க அறையிலேயே பாஸ்பரஸ்ல முதல் மாணவி அவங்கதான். போன மாசம் கை குலுக்கிப் பாராட்டினேன்."

கதவிடுக்கு வழியாக ஒப்ராத் உள்ளே பார்த்தார். மிலுங்கா கட்டிலில் கண் மூடிக் கிடந்தாள். உதடும் தாடையும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

"ரெண்டு நாளா ஓயாம ஜெபம்" என்றாள் யெலா மெதுவாக. "வாய் நிக்கவே இல்லை, பாவம்."

"நேத்து அவங்க கேட்டாங்கன்னு ஜெபப் புத்தகம், செருப்பு, பிஸ்கட் டப்பா எல்லாம் வீட்டுலேர்ந்து நான்தான் கொண்டாந்தேன்" என்றான் ஸ்ரேதன். "எனக்கும் சேர்த்து ஜெபிக்கச் சொன்னேன். கேட்டாங்களான்னு தெரியலை."

ஒப்ராத் ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தார்.

வேன் ஊரைத் தாண்டியதும் அவர் வாய் திறந்தார். பின்னால் கோர்தானா கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்ரேதா, ஒரு வீட்டு வாசல்ல காவலாளி இருக்கான். திருட்டு கட்டுக்குள்ள இருக்கு. காவலாளியை வேலையை விட்டுத் தூக்கிட்டோம். திருட்டு ஏறுமா இறங்குமா?"

"ஏறும். காவலாளியே திருடனா இருந்தா இறங்கும். நீங்க போலீஸ்ல இருந்தவரு, உங்களுக்குத் தெரியாததா?"

"பாஸ்பரஸ்தான் திருடன். சாக்பீஸ்தான் காவலாளி. நாலு வாரம் முன்னாடி காவலாளியை நிறுத்தியாச்சு. பாஸ்பரஸ் ஏறியிருக்கணும். நான் ரெண்டு வேளை மெல்லாம விட்டாலே ஏறி, டாக்டரம்மா கிட்டத் திட்டு வாங்கறேன். அக்காவுக்கு மட்டும் எப்படி இறங்குச்சு?"

"புண்ணியவதி. திருடனே வெக்கப்பட்டுத் திரும்பிட்டான்."

ஒப்ராத் சிரிக்கவில்லை. கையில் சுற்றிய கட்டு வழியாக ரத்தம் ஒரு காசு அளவு கசிந்திருந்தது. அதைப் பார்த்த ஸ்ரேதனும் சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியை விரட்டினான்.

பதினொன்றே காலுக்கு மிலுங்காவின் வீடு வந்தது. முற்றத்து பிளம் மரங்களுக்கு அடித்தண்டில் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. கொட்டகையில் ஒரு மூட்டை.

"அண்ணே!" ஸ்ரேதன் துள்ளினான். "சுண்ணாம்பு! முழு மூட்டை! கால்சியம்னா இதுதானே? வழக்கு முடிஞ்சுது, வாங்க போலாம்!"

கோர்தானாவின் முகம் சிவந்தது. "திருநாளுக்கு எல்லா வீட்டுலயும்தான் மரத்துக்கு வெள்ளையடிக்கிறாங்க. உங்க பெண்டாட்டி அடிக்கலையா? போய் அவளைப் புடிங்க!"

"அவளைப் புடிச்சுத்தான் இருபது வருஷமா அவதிப்படறேன்."

"ஒரு சிட்டிகை நாக்குல வெச்சுப் பார்றா" என்றார் ஒப்ராத். "வெந்துபோயிரும். ஆறு வாரம் வெச்சா அக்காவுக்கு வாயே இருந்திருக்காது. மூட்டையை விடு. கோர்தானா, சமையலைக் காட்டு."

சமையலறையில் இரண்டு பானை. ஒன்றில் எண்ணெய் படாத பீன்ஸ், வீட்டாரின் நோன்புச் சாப்பாடு. இன்னொன்றில் கோழி சூப், இன்னும் சூடு.

"இது அத்தைக்கு. நோயாளிக்கு நோன்பு வேண்டாம்னு பாதிரியாரே சொல்லிட்டாரு. இன்னிக்கும் வெச்சேன். உள்ள விடமாட்டாங்கன்னு தெரியும். வெக்காம இருக்க முடியலை."

"உப்பு சரியா இருக்கா?"

"நோன்புல எப்படி மாமா ருசி பார்க்கிறது? குத்துமதிப்பாத்தான் போடறேன்."

"ஆக, இதை இந்த வீட்டுல வேற யாரும் வாயில வெக்கலை. அத்தை சாப்பிட்டதை நீ பார்த்தியா?"

"தட்டு துடைச்சு வெச்ச மாதிரி வரும். மீதி ஒரு எலும்பு இருக்காது."

"சாப்பிட்டதைப் பார்த்தியான்னு கேட்டேன்."

அவள் திகைத்தாள். "கதவைச் சாத்திட்டுச் சாப்பிடுவாங்க. நாங்கெல்லாம் பீன்ஸ் தின்னும்போது முன்னாடி உட்கார்ந்து கறி சாப்பிட வெக்கமா இருக்குன்னாங்க."

வெளியே ஸ்ரேதனின் குரல் கேட்டது. "அண்ணே, இங்க ஒரு துறவி இருக்காரு, வந்து பாருங்க!"

முற்றத்தில் ஜூச்சோ என்ற மஞ்சள் நாய். நாய் என்று சொன்னால் நாய்க்கூட்டமே கோபித்துக்கொள்ளும். பீப்பாய்க்கு நாலு கால் முளைத்த மாதிரி இருந்தது. அதன் மூக்குக்கு நேரே ஸ்ரேதன் தன் ரொட்டிக்குள்ளிருந்து ஒரு பன்றி இறைச்சித் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"புதன்கிழமையும் அதுவுமா நீங்க பன்றி தின்னலாமா?" என்றாள் கோர்தானா.

"டிரைவருக்கு விலக்கு உண்டும்மா. பாதிரியார் கிட்ட இன்னும் சொல்லலை, அவ்வளவுதான். ஆனா இதைப் பாருங்க. மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது! தவக்காலத்துல இறைச்சி வேண்டாம்கற நாயை இப்பதான் பார்க்கறேன். ஒண்ணு பக்திமான், இல்லாட்டி வேற எங்கயோ நிரந்தரச் சாப்பாடு."

அப்போது மாதாகோயில் மணி பன்னிரண்டு அடித்தது. ஜூச்சோ சட்டென்று எழுந்தது. வயிற்றை ஆட்டிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனது. அங்கே ஒரு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, வாலால் மண்ணை அடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. வெள்ளையடித்த சுவரில் ஜன்னல் உயரத்துக்கு நகக் கீறல்கள். ஜன்னல் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு.

"இது யார் அறை?" என்று கேட்டார் ஒப்ராத். பதில் அவருக்கே தெரியும்.

"அத்தையோடது." கோர்தானா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ. நான் காசு குடுத்து வாங்கின கோழியெல்லாம்..."

ஒப்ராத் சூடுபட்டவர் போலத் திரும்பினார்.

"காசு குடுத்தா? கோழியை எதுக்கு விலைக்கு வாங்கினே? உங்க வீட்டுக் கோழிங்க?"

"எங்க வீட்டுல ஏது மாமா கோழி? ஜனவரியில நரி புகுந்து ஒண்ணு விடாமத் தின்னுட்டுப் போச்சே. கூண்டைப் பாருங்க, சிலந்தி கட்டியிருக்கு."

கூண்டில் சிலந்திதான் இருந்தது. ஒப்ராத் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் காகித மடிப்பை எடுத்தார். பிரித்து, உள்ளே இருந்த வெள்ளை மாத்திரைகளை எண்ணினார்.

"என்னண்ணே?" ஸ்ரேதன் முதல் முறையாகக் கேலி இல்லாமல் கேட்டான்.

"வண்டியை எடு. கோர்தானா, அந்த சூப்பை மூடி போட்ட பாத்திரத்துல ஊத்து. தட்டும் கரண்டியும் எடுத்துக்கோ."

"யாருக்கு? என்னை உள்ளயே விடமாட்டாங்களே?"

"விடுவாங்க. குற்றவாளி நானே கூட வர்றேன்."

வழியில் நிலக்கரி லாரி ஒன்று பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றது. இருபத்தைந்து நிமிஷம். ஸ்ரேதன் ஹாரனை அழுத்திய அழுத்தில் அதன் குரலே போய்விட்டது. ஒப்ராத்தின் கட்டு முழுக்கச் சிவந்திருந்தது. கோர்தானா தன் தலைத்துணியை அவிழ்த்து அதன்மேல் இறுக்கிக் கட்டினாள். லாரி நகர்ந்தது, வேன் பறந்தது. பாத்திரத்துக்குள் சூப் மட்டும் களக் களக் என்றது.

"ஸ்ரேதா, உன் பொண்ணுக்கு ஞானத்தகப்பன் பெல்கிரேடுல ரத்தப் பரிசோதனைக் கூடத்துலதானே வேலை?"

"சோதனைக்குழாய் கழுவறான். ஆனா பேச்சு பெரிய டாக்டர் மாதிரி."

"போன் போடு. திங்கக்கிழமை போன குழாய். மிலுங்காவோட பாராதைராய்டு ஹார்மோன். வெள்ளிக்கிழமை வேண்டாம், இப்ப வேணும்."

ஒன்றே முக்காலுக்கு வார்டுக்குள் நுழைந்தார்கள். ஆம்புலன்ஸ் கீழே வந்து நின்றுவிட்டது. மிலுங்காவைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள் யெலா. மார்பில் ஒட்டிய வயர்கள் வழியாகத் திரையில் கோடு ஓடியது. நடுநடுவே ஒரு படியைத் தவறவிட்டவன் போலத் தடுக்கியது.

"இந்த அம்மா உள்ள வரக்கூடாது!" டாக்டர் எமிலியா கோர்தானாவைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"டாக்டரம்மா, ஒரே ஒரு நிமிஷம். ஜெபத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லணும்."

ஒப்ராத் கட்டிலருகே போய் மண்டியிட்டார். மிலுங்காவின் தாடை அப்போதும் அசைந்துகொண்டிருந்தது.

"அக்கா. வாயைத் திற."

அவள் கண்ணை லேசாகத் திறந்தாள். "போலீசு... நீயா? என் நாற்காலியில யாரை உட்கார வெச்சாங்க?"

"யாரையும் உட்கார வெக்கலை. வாயைத் திற அக்கா."

திறந்தாள். நாக்கு முழுக்க வெள்ளை. பாதி மென்ற மாத்திரை கன்னத்தில் ஒதுங்கியிருந்தது.

ஸ்ரேதன் அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே பிஸ்கட் இல்லை. வெள்ளை மாத்திரைகள், பாதி டப்பா. அடியில் வெள்ளைப் பொடி.

"நான்... நான்தான் கொண்டாந்து குடுத்தேன்" என்றான். அவன் வாய்க்கும் அன்று பிரேக் விழுந்தது.

"நீ டப்பாவைத்தான் குடுத்தே. உள்ள இருக்கறதை நாங்க குடுத்தோம்." ஒப்ராத் தன் காகித மடிப்பை டப்பாவுக்குள் கொட்டினார். சத்தம் கேட்டது. "டயாலிசிஸ் அறையில இருக்கற பத்துப் பேரும். கோழிக்குன்னு கேட்டாங்க, குடுத்தோம். மெல்லாம ஏமாத்தினதுக்கு ஒரு நல்ல வழி கிடைச்சுதேன்னு சந்தோஷமா குடுத்தோம். அவங்க வீட்டுல கோழியே இல்லை டாக்டரம்மா. ஜனவரியிலேயே நரி தின்னாச்சு."

டாக்டர் எமிலியாவின் கை தானாகச் சோதனைக் காகிதத்தைப் புரட்டியது. "ஆனா இவ்வளவு ஏறுமா? நீங்கெல்லாம் சாப்பிடறீங்க, உங்களுக்கு ஏறலையே?"

"நாங்க சாப்பாட்டோட மெல்லறோம். மென்னா! காவலாளி குடல்ல திருடனைக் கட்டிப் புடிச்சு வெளிய இழுத்துட்டுப் போயிடறான். பிடிக்கத் திருடனே வரலைன்னா அவன் என்ன பண்ணுவான்? வீட்டுக்குள்ள நுழைஞ்சு குடியேறிடுவான். பாஸ்பரஸ் ஏன் இறங்குச்சுன்னா, சோறே உள்ள போகலை. அக்கா முப்பத்தெட்டு நாளா பட்டினி. இவ ஆக்கிப் போட்ட கோழியெல்லாம் ஜன்னல் வழியா நாய்க்குப் போச்சு."

"இங்க மூணு நாளா தட்டு காலியாத்தானே..." யெலா ஆரம்பித்துவிட்டு, பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அங்கே இருந்த கிழவி போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"விஷம் சாப்பாட்டுல இல்லை" என்றார் ஒப்ராத். "சாப்பாடு இல்லாததுதான் விஷமாச்சு."

ஸ்ரேதனின் போன் அடித்தது. கேட்டான். "எவ்வளவு? திருப்பிச் சொல்லு." முகம் மாறியது. "நாப்பத்தொண்ணுங்கறான் டாக்டரம்மா. தொள்ளாயிரம் இல்லையாம். நாப்பத்தொண்ணு."

டாக்டர் எமிலியா போனைப் பிடுங்கி, மறுமுனையில் பெரியவர் ஒருவரைக் கூப்பிட வைத்து, தானே மறுபடி கேட்டாள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"சுரப்பிங்க தூங்குது" என்றாள். "வெளியிலேர்ந்து இவ்வளவு கால்சியம் வந்தா அதுங்க எதுக்கு வேலை செய்யும்? தூங்கற நாலையும் நான் வெட்ட அனுப்பியிருப்பேன்." தன் கையையே பார்த்தாள். "பாஸ்பரஸ் குறைஞ்சதுக்கு நான் கை குலுக்கினேன்."

"அக்கா, எதுக்கு இப்படிப் பண்ணினே?" ஒப்ராத் கேட்டார். "டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்களே?"

மிலுங்கா கன்னத்து மாத்திரையை நாக்கால் ஒதுக்கினாள். பிறகு குழறிக் குழறிச் சொன்னாள். "நிறுத்தச் சொன்னது மருந்தை. நான் தின்னது பசிக்கு. சாயங்காலம் ஒரு துண்டு ரொட்டி, தண்ணி. அவ்வளவுதான் நேர்ந்துக்கிட்டது. பகல்ல வயிறு கடிக்கும். அதை மென்னா அடங்கும். மாத்திரை சாப்பாடு இல்லையே... நோன்பு முறியாதே."

"யாருக்காக அத்தை?" கோர்தானா இரண்டடி முன்னால் வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

மிலுங்கா மருமகளைப் பார்த்தாள். சொல்லலாமா என்று பார்க்கிற பார்வை.

"விதோமிருக்கு பிப்ரவரியில சிறுநீர்ச் சோதனை பண்ணினாங்க சுரங்கத்துல. நல்லா வரலை. ஆத்தங்கரை வியாதி. உங்கிட்டச் சொல்லாதேன்னு என் தலையில சத்தியம் வாங்கினான். உன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவனால முடியலைடி. நீ விஷம் வெச்சேன்னு சொல்றது அவனுக்குச் சுலபமா இருந்துச்சு."

மிலுங்கா ஒரு கையால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"என்னை எடுத்துக்கோ, அவனை விடுன்னு நேர்ந்துக்கிட்டேன். உயிர்ப்புத் திருநாள் வரைக்கும். இன்னும் பதினோரு நாள் இருக்கு. இப்ப நான் தின்னா, அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" தாடை இறுகியது. "வேண்டாம். அறுக்கறதுன்னா அறுங்க. நான் தின்னமாட்டேன்."

டாக்டர் என்னென்னவோ சொன்னாள். மாத்திரை நின்றால் போதும், டயாலிசிஸில் இறக்கிவிடலாம்; ஆனால் இந்தப் பட்டினியோடு இந்த இதயம் இன்னொரு வாரம் ஓடாது என்றாள். பாதிரியாரைக் கூப்பிடட்டுமா என்றாள் யெலா. மிலுங்கா கண்ணை மூடிக்கொண்டாள். துப்பறிந்து என்ன பயன்? குற்றத்தைக் கண்டுபிடித்த ஒப்ராத்தால் குற்றவாளியைக் காப்பாற்ற முடியவில்லை. இரும்பு விலங்கு போட்டவர்களையெல்லாம் பேசவைத்தவர், ஒரு கிழவியை வாய் திறக்க வைக்கத் தெரியாமல் மண்டியிட்டபடியே இருந்தார்.

கீழே ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது. மணி இரண்டு.

கோர்தானா பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். சூப்பைத் தட்டில் ஊற்றினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, பதினோரு நாள்தானே பாக்கி?"

"பதினோரு நாள்."

"அது என் கணக்குல. அவர் உங்களுக்குப் பிள்ளைன்னா எனக்குப் புருஷன். ஒரு துண்டு ரொட்டி, தண்ணி. இப்பலேர்ந்து நான் இருக்கேன். எனக்குக் கிட்னி நல்லா இருக்கு, உடம்புல கொழுப்பும் இருக்கு. நேர்த்தி முறியாது, கை மாறுது. அவ்வளவுதான்."

"உன்னைக் கொலைகாரின்னு சொன்னவனுக்காகவா?"

"அதுக்குத் தனியா அவர்கிட்டப் பேசிக்கறேன். திருநாள் முடிஞ்சதும். நல்லாச் சாப்பிட்டுட்டு, தெம்பாப் பேசுவேன்."

மிலுங்காவின் மூடிய கைமுஷ்டி மெல்லத் திறந்தது. உள்ளே இன்னும் இரண்டு மாத்திரை. அவை போர்வையில் உருண்டு தரையில் விழுந்தன. யாரும் குனியவில்லை.

கரண்டி உதடுவரை வந்தது. நின்றது. பிறகு உள்ளே போனது.

"உப்பே இல்லைடி" என்றாள் மிலுங்கா.

"நாய் ஒரு நாளும் குறை சொல்லலையே அத்தை" என்றாள் கோர்தானா, அழுதுகொண்டே.

டாக்டர் எமிலியா ஜன்னலைத் திறந்து கீழே ஆம்புலன்ஸ்காரனைப் பார்த்துக் கத்தினாள். "காலியாவே திரும்பிப் போ!" பிறகு யெலாவின் பக்கம் திரும்பினாள். "டயாலிசிஸ் இயந்திரத்தைத் தயார் பண்ணு. கால்சியம் குறைவான திரவம். ஒப்ராத் சாரோட கட்டை முதல்ல மாத்து, தரையெல்லாம் ரத்தம்."

ஸ்ரேதன் வராந்தாவில் நின்று, மீதி இருந்த பன்றி ரொட்டியில் பாதியைப் பிய்த்து ஒப்ராத்திடம் நீட்டினான். அவர் கடித்தார். யெலா கட்டை அவிழ்த்துக்கொண்டே ஏதும் கேட்காமல் அவரையே பார்த்தாள். அவர் ஸ்ரேதன் கையிலிருந்த பிஸ்கட் டப்பாவிலிருந்து தன் மாத்திரை ஒன்றை எடுத்து, ரொட்டியோடு சேர்த்து மென்றார். முகம் கோணியது. மென்று முடித்தார்.

மூன்று மணிக்கு ஒரு தட்டு வார்டிலிருந்து வெளியே வந்தது. துடைத்து வைத்த மாதிரி காலி. யெலா சந்தேகத்தோடு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு மிலுங்காவின் மோவாயைப் பார்த்தாள். அங்கே ஒரு சொட்டு சூப் இருந்தது.